மலையோரத்துப் பெட்டிகள்

வர்த்தமானனை நாங்கள் நைனார் என்றுதான் கூப்பிடுவோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சோறு தொடமாட்டார். அவர் மனைவி ஜினமதி அடுப்பை அணைத்த பிறகு அந்த வீட்டுக்குப் போனால் பேச்சு மட்டும்தான் கிடைக்கும். பேச்சு ஜாஸ்தியாகவே கிடைக்கும்.

கிரிவலம் நடக்க முடியாதவர்களை மின்சாரக் காரில் மலையைச் சுற்றி அழைத்துப் போவதுதான் அவர் பிழைப்பு. சவாரியெல்லாம் லாட்ஜ் மேனேஜர் குமரேசன் அனுப்புவது. அந்தக் காரில் நைனாருக்கு ஒரே பயம், அது சத்தமே போடாது என்பது.

"தெரியாம ஒரு உயிர் மேல ஏறிட்டா, நான் கெழங்குகூடத் தின்னாம இருக்கறது எதுக்குப்பா?" என்பார்.

ஆகவே ஆளைக் கண்டால் தானே பிரேக் போடும்படி ஒரு கேமராவும், திரை வைத்த குட்டிக் கம்ப்யூட்டரும் பொருத்தினார்.

"கம்பெனி சாஃப்ட்வேர் வேணாம்பா. அது சமையல் ரூமப் பூட்டிக்கினு சோறு போடற ஓட்டல். இது ஓப்பன் சோர்ஸ். யார் வேணா எட்டிப் பாக்கலாம், உப்பு கம்மின்னா போட்டுக்கலாம். சிப்பும் அப்படித்தான், ரிஸ்க்-ஃபைவ்னு புதுசா வந்தது. அதோட டிசைன் யார் வீட்டுச் சொத்தும் இல்ல."

"பேர்லயே ரிஸ்க்க வெச்சிருக்கானே நைனாரே!" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் உச்சி வெயில். கிரிவலப் பாதையில் நிருதி லிங்கம் கோயிலைத் தாண்டி, ரோட்டில் ஈ காக்கை இல்லை. நான் முன்சீட்டில், ஓசிச் சவாரி. கார் தானாக நின்றது. திரையில், வெறும் மலையோரத்தில், ஆள் என்று கம்ப்யூட்டர் கட்டம் கட்டிக் காட்டும் பச்சைப் பெட்டிகள். வரிசையாக, நடக்கிற வேகத்தில் நகர்ந்தன. கடைசிப் பெட்டி குட்டை. அது மட்டும் நின்றது. பெட்டிக்கு முகம் கிடையாது. இருந்தும் அது எங்களைப் பார்க்கிறது என்று தோன்றியது. பிறகு போய்விட்டது. காரும் கிளம்பியது.

தினமும் இதே கதை. சவாரிக்காரர்கள் அலறினார்கள்.

"நைனாரே, ஞாயித்துக்கெழம நானே வந்து ஒக்காந்து பாப்பேன்," என்றார் குமரேசன். "வண்டி சும்மா நின்னுச்சுன்னா, அப்புறம் சவாரிக்கு டிரைவர் ராஜா வண்டியத்தான் கூப்புடுவேன். கோச்சிக்காதீங்க."

நைனார் ராப்பகலாக உட்கார்ந்து நிரல் முழுவதையும் படித்தார். தப்பே இல்லை. பிறகுதான் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லப் பயன்படுத்திய படங்களைத் திறந்தார். கிரிவலப் பாதையில் எடுத்த படங்கள். ஆள் இருக்கும் இடத்தில் பெட்டி வரைந்து தரும் வேலையை வேங்கிக்கால் கம்ப்யூட்டர் சென்டர் சரசுவிடம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு படத்திலும், காலியான மலையோரத்தில், கூடுதலாகப் பெட்டிகள். நேரே சரசுவிடம் போனோம்.

"ஏம்மா, ஆளே இல்லாத எடத்துல எதுக்குப் போட்ட?"

"நல்லா கேட்டீங்க போங்க! சித்தருங்க கண்ணுக்குத் தெரியாம மலையோரமா போவாங்கன்னுதான நாமெல்லாம் ரோட்டுக்கு இடது பக்கமா நடக்கறோம்? அவங்கள உட்டுட்டா உங்க வண்டி ஏத்திடாதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நைனார் மெல்லக் கேட்டார்: "குட்டையா ஒண்ணு போட்டியா?"

"கொழந்தையா? இல்லிங்களே. எல்லாமே பெரிய ஆளுங்களாத்தான் போட்டேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெட்டிகளை அழித்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு மறுபடி பாடம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை குமரேசன் பின்சீட்டில் ஏறினார். நிருதி லிங்கம் தாண்டினோம். திரை சுத்தம். கார் வழுக்கிக்கொண்டு போனது. குமரேசன் தலையாட்டி முடிப்பதற்குள் நைனார் தானே பிரேக்கை மிதித்தார்.

"ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்லியே! ஏன் நிறுத்தினீங்க?"

"நாய்ங்களப் பாருங்க."

மலையோர நிழலில் படுத்திருந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து, ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி படுத்தன. கடைசி நாய் மட்டும் வாலை ஆட்டியது, இடுப்பு உயரத்தில் எதையோ பார்த்து.

"எனக்கு உங்க சித்தருங்களப் பத்தித் தெரியாதுங்க," என்றார் நைனார். "உயிரா இல்லியான்னு சந்தேகம் வந்தா நிக்கணும். சரசு போட்ட பெட்டிய நான் திரும்ப வெக்கப்போறேன். நீங்க ராஜா வண்டியவே கூப்புட்டுக்கோங்க."

குமரேசன் அப்படியே செய்தார். இப்போது நைனார் பஸ் ஸ்டாண்டில் நின்று தானே சவாரி பிடிக்கிறார். வரும்படி பாதி. கார் இன்றும் அங்கே நின்று, பொறுத்திருந்து, கிளம்புகிறது.

ஓசி என்றால் நான் இன்னும் ஏறிக்கொள்வேன். பின்சீட்டில் மலைப்பக்கம் மட்டும் உட்காருவதில்லை.