அப்படி ஒரு பெண் இங்கே இல்லை

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூந்தமல்லிக்குப் பக்கத்தில், சென்னீர்குப்பத்தைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சரியான சந்தேகப் பிராணி. காய்கறிக்காரர் கொசுறாக ஒரு கொத்துக் கொத்தமல்லி கூடுதலாகப் போட்டால்கூட, தக்காளியில் ஏதோ அழுகலைத் தள்ளிவிட்டார் போலிருக்கிறது என்று வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்ப்பேன். வாரநாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு சின்ன தொண்டு அமைப்புக்காக இந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் செய்தி சேகரித்து வாசிக்கச் சொல்லித் தருகிறேன். நானும் அண்ணனூர்ப் பக்கம் இதே மாதிரி ஒரு குடியிருப்பில் இருப்பவள்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

செய்தி என்றால் நாட்டு நடப்பெல்லாம் இல்லை. தண்ணீர் லாரி எந்தப் பக்கம் எப்போது வரும், எந்த பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை, ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா, கண் பரிசோதனை முகாம் எங்கே, காணாமல் போன நாய்க்குட்டி கிடைத்ததா, இவ்வளவுதான். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் விசாரித்து வந்து, செல்போனில் பேசிப் பதிவு செய்து, குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போடுவார்கள். பிள்ளைகளுக்கு அதில் ஏக குஷி. பெற்றவர்களுக்குத்தான் பயம்.

காரணம் எனக்குத் தெரியும். இந்த மாதிரி இடங்களில் வீடு ஒதுக்கீடு ஒருவர் பெயரில் இருக்கும், குடியிருப்பது இன்னொருவராக இருக்கும். பிழைப்பு முன்பு குடியிருந்த இடத்திலேயே இருக்கிறது என்று வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. மாமனார் இறந்துபோய், பெயர் மாற்றாமலே காலத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு. சோதனைக்கு யாராவது வந்து கண்டுபிடித்துவிட்டால் வீடு போய்விடும். அதனால் தெரியாத முகம் யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், மாடி முழுக்க ஒரே பதில்தான் வரும்: அப்படி யாரும் இங்கே இல்லை. பால் குடி மறந்த பிள்ளையிலிருந்து இது எல்லோருக்கும் மனப்பாடம். அப்படிப்பட்ட இடத்தில், கையில் செல்போனோடு பிள்ளைகளை அனுப்பி, "உங்க வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்கச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? என்னை உளவு பார்க்க வந்தவள் என்றே பல பேர் நினைத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வீடும் என் பெயரில் இல்லை. அந்த ரகசியத்தை நான் அமைப்பில்கூட யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் இவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். கணீரென்ற குரல். லிஃப்ட் பழுது என்பதைக்கூடத் தேர்தல் முடிவு மாதிரி சொல்வாள். சேரும்போது பி பிளாக், முதல் மாடி என்று சொன்னாள். ஆனால் வகுப்பு முடிந்ததும் நேர் எதிர்த் திசையில் நடந்து போவாள். நானா கவனிக்காமல் இருப்பேன்? கவனித்தேன். கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் வாடிப்போய் வந்தாள். வாசித்துக்கொண்டிருந்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வீடு வீடாகப் போக வேண்டியது அவள் முறை. அதைத் தட்டிக்கழிக்கத்தான் நடிக்கிறாளோ என்று நினைத்தேன், என் புத்தி அப்படி. அடுத்த நிமிடம் வாந்தி எடுத்தாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. வலது பக்கம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

எனக்கு உதவியாக வரும் கல்லூரி மாணவி ஒருத்தி இருந்தாள். அந்தப் பெண்ணோடு அவளையும் ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அம்மாவை நான் அழைத்து வருகிறேன், வீடு எங்கே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டால், அந்த வலியிலும் "பி பிளாக், முதல் மாடி" என்றே சொன்னாள். "எங்கம்மாகிட்ட யாரும் போவாதீங்கக்கா, நானே போய்க்கிறேன்" என்று ஆட்டோ கிளம்பும்வரை கெஞ்சினாள்.

பி பிளாக்கில் அவள் சொன்ன வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். அப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததே இல்லை என்றார். அவள் கொடுத்திருந்த செல்போன் எண்ணும் உபயோகத்தில் இல்லை. நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே மாணவி போன் செய்தாள். குடல்வால் வீங்கியிருக்கிறதாம், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், வெடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாம். அம்மாவோ அப்பாவோ உடனே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டர் அவசரப்படுத்துகிறார் என்றாள்.

மற்ற பிள்ளைகளைக் கேட்டேன். எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியில் ஒருத்தி மட்டும் என் காதோரம் வந்து, "டி பிளாக், நாலாவது மாடி. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா" என்று கிசுகிசுத்தாள்.

லிஃப்ட் ஓடவில்லை. மூச்சிரைக்க ஏறிப் போனேன். வராந்தாவில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். ஒரு குண்டு அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஒல்லியான ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அப்டி ஒரு பொண்ணு இங்க இல்லியே. நீ யாரு?" என்றார் மீன் அம்மா.

நான் விவரத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"போன மாசம் ஒருத்தன் கொரியர்னு சொல்லிக்கினு வந்தான். பேரக் கேட்டான், சொன்னாங்க. மறுவாரமே கீழ் மாடில ரெண்டு ஊட்டுக்கு நோட்டீஸ் வந்துச்சு. இப்ப நீ ஆஸ்பத்திரின்னு வந்துகீறியா? போம்மா, வேற வேலையப் பாரு."

மற்றவர்கள் சும்மாவாவது எந்த ஆஸ்பத்திரி, என்ன வயசு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அந்த ஒல்லிப் பெண் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. ஏற்கெனவே பிழிந்த பாவாடையை மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தார். இவர்தான் அம்மா என்று எனக்குப் பட்டுவிட்டது.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். பெண்ணையே நேரில் காட்டிவிட்டால் நம்புவார்கள் என்று, மாணவிக்கு வீடியோ கால் போடச் செல்போனைத் தூக்கினேன். அவ்வளவுதான். "போட்டோ எடுக்கிறாடி!" என்று யாரோ கத்தினார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடினார்கள். கதவுகள் படபடவென்று மூடிக்கொண்டன. ஆய்ந்த மீன்கூட வராந்தாவிலேயே கிடந்தது. போனை எடுக்க வேண்டிய மாணவியும் எடுக்கவில்லை.

மூடிய கதவுகளுக்கு நடுவில் நான் மட்டும் நின்றேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பெற்ற பிள்ளை சாகக் கிடக்கிறது, இவளுக்கு வீடு பெரிதாகப் போய்விட்டதா என்று வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. இதே செய்தியோடு யாரோ ஒருத்தி என் கதவைத் தட்டியிருந்தால் நான் திறந்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்து, இங்கே யாரும் இல்லை என்று சொல்லியிருப்பேன். நான் யாருக்குத் திறப்பேன் என்று யோசித்தேன். என்னை மாதிரியே மாட்டிக்கொள்ளக் கூடியவளாக இருந்தால் மட்டும் திறப்பேன் என்று தோன்றியது.

அந்த நிமிடம் என் கணவர் முகம் கண்முன் வந்தது. அவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்று தெரியும். கேட்க நேரமில்லை. உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

"நீங்க இன்னாத்துக்குப் பயப்படுறீங்கன்னு எனக்குத் தெரியும். என் ஊடும் என் பேர்ல இல்ல!"

எந்த பிளாக், எந்த நம்பர், யார் பெயரில் ஒதுக்கிய வீடு, அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று எல்லாவற்றையும் அந்தக் கதவுகளைப் பார்த்துச் சொன்னேன். "யார்கிட்ட வேணா போய் சொல்லிக்கோங்க. எனக்கு அந்தப் பொண்ணோட அம்மா வேணும், அவ்ளோதான்" என்று முடித்தேன். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

ஒரு தாழ்ப்பாள் விலகியது. அந்த ஒல்லிப் பெண் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

"வலி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வலது பக்கம், அடிவயிறு."

"காலையிலயே வயிறு வலிக்குதுன்னு சொல்லிச்சு. நான்தான் ஓமத்தண்ணி குடுத்து அனுப்சேன்" என்றவர் உடைந்து அழுதுவிட்டார். வெறுங்காலோடு படியை நோக்கி ஓடினார். எதிர்க் கதவு திறந்தது. மீன் அம்மா தன் செருப்பைக் கழற்றி முன்னால் போட்டு, "போட்டுகினு போடி" என்று அதட்டினார்.

ஆட்டோ பாதி தூரம் போனதும், "நீங்க கூப்பிடுற பேரு அவ பேரு இல்லக்கா" என்று சொல்லி நிஜப் பெயரைச் சொன்னார். அத்தனை மாதம் நான் வாய் நிறையக் கூப்பிட்டது வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயரை! எனக்கு ஏனோ கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மருத்துவமனையில் முகவரி கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். சரியான முகவரியைக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவரே டி பிளாக்கையும் கதவு எண்ணையும் சரியாகவே சொன்னார். கையெழுத்துப் போட்டார். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் பிறகு சொன்னார். மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

"யம்மா, இன்னா அட்ரஸ் குடுத்தே?"

"நம்ம அட்ரஸ்தான். நீ தூங்கு" என்றார் அம்மா.

அவள் தேறிவிட்டாள். என் பாடுதான் அதற்குப் பிறகு திண்டாட்டமாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் ரொம்ப நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவு தட்டப்படும் போதெல்லாம் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்த பிறகுதான் திறப்பேன். அந்த மாடியில் யார் போட்டுக் கொடுப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்ப்பேன். செருப்பு கொடுத்த அந்த மீன் அம்மாவின் மேல்கூடச் சந்தேகம் வந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரையே படிக்கட்டில் நிறுத்தி, அன்றைக்கு நான் சொன்னதை யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இன்னா சொன்னே? நான் கதவ சாத்திகினு ஊட்டுக்குள்ள இருந்தேன். எனக்கு ஒண்ணும் காதுல வுழல" என்றார். அத்தோடு நிற்கவில்லை. "அந்த மாடில யாருக்கும் வுழல" என்று சொல்லிவிட்டு, மேலே ஏறிப் போனார்.

இன்றுவரை எங்கள் வீட்டுக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை. சந்தேகப்படும் குணம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை, இனிப் போகப் போவதும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒருவர் என்னை நம்பவில்லை என்று கோபம் வரும்போது, நம்பச் சொல்லிக் கேட்கும் நான் என்னுடையது என்று எதை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன் என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.