துரையின் சட்டையில் பறந்த ‘டீ’

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வேன் வேனாக வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இங்கிலீஷில் சுற்றிக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வாயை மூடத் தெரியாதவள். ஏழு வருடம் மலையில் கொழுந்துக் கூடை சுமந்து முதுகு ஓய்ந்திருந்தது. இதை விட்டால் கூடைதான் கதி என்று பேர் கொடுத்துவிட்டேன். பத்து நாளில் துரையே பரீட்சை வைப்பதாக ஏற்பாடு.

பிரிஞ்சாங் கடைத்தெருவில் பழைய உச்சரிப்புப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் மனிதத் தலையைப் பாதியாக அறுத்த படம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையைக் கூட்டுகிறவள் அவள்.

“ஏ புள்ள, தலைய வெட்டி நாக்க மட்டும் தொங்க விட்டிருக்கான்? கறிக்கடையா இது?”

அகராதியைப் புரட்டிப் புரட்டி நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். எந்த மெய்யொலியிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். காற்றை எங்கே மறிக்கிறோம், உதட்டிலா, பல்லிலா, ஈறிலா, உள்நாக்குப் பக்கமா? எப்படி விடுகிறோம், அடைத்துப் பட்டென்றா, இடுக்கில் சீறவிட்டா, மூக்கு வழியாகவா? தொண்டை அதிர்கிறதா, இல்லையா? சல்லடை மாற்றி மாற்றித் தூளைத் தரம் பிரிக்கிற வேலைதான் இதுவும்.

விடிகாலையில் ஆள் கணக்கெடுக்க எல்லாரும் பெரட்டுக்கு வரிசையில் நிற்போம். அந்தக் குளிரில் பேசினால் வாயில் புகை வரும். ‘பேப்பர்’ என்று புத்தகம் சொன்னபடி சொன்னேன், உருண்டையாக ஒரு புகை. ‘பஸ்’ஸுக்கு அவ்வளவு இல்லை, ஆனால் தொண்டையில் கை வைத்தால் அதிர்ந்தது. ‘மேனேஜர்’ தொடங்கும்போது மூக்கில் இரண்டு இழை. மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ‘ஃபேக்டரி’ என்றால் நீளமாக ஒரு கோடு. வரிசையே ஊதிப் பார்த்தது.

“என்னாம்மா, காலங்காத்தால எல்லாரும் சுருட்டா?” என்றார் கங்காணி.

“இங்கிலீஷு, கங்காணி!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“ஊதுனது போதும் லா, கூடையத் தூக்குங்க!”

எல்லாம் வந்தது, ‘டீ’ மட்டும் வரவில்லை. நம் ‘ட’வுக்கு மடிகிற நாக்கு அதற்கும் மடிந்தது. மடிக்காமல், மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறு மேட்டில் நுனியை வைத்துக் காற்றோடு எடுக்க வேண்டுமாம். தேயிலையைக் காட்டப் போகிறவளுக்கு டீயே வராவிட்டால் எப்படி!

பரீட்சை அன்று துரையை முன்னால் விட்டுப் பேசிக்கொண்டே நடந்தேன். இலை உலர்த்தும் அடுப்பின் பக்கம் ஒரே வெக்கை. சரியாகச் சொன்னேனா என்று காட்ட அங்கே புகை இல்லை. துரையின் முகமும் எதையும் காட்டவில்லை.

சலிக்கும் அறையில் தேயிலையிலிருந்து பழுப்பாக மெல்லிய பஞ்சு பறக்கும். துரையின் முதுகுக்குப் பின்னால், துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் பஞ்சை உள்ளங்கையில் எடுத்தாள். சத்தமில்லாமல் ‘டீ’ என்று வாயசைத்தாள். பஞ்சு பறந்தது.

நானும் ஒரு சிட்டிகை எடுத்து வாய்க்கு நேராக வைத்தேன். “டீ.” அசையவில்லை, கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி கிடந்தது. நாக்கு நுனியை ஈறில் வைத்தேன். “டீ!” பறந்து போய்த் துரையின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது.

தொலைந்தேன் என்று நினைத்தேன். அரைகுறை இங்கிலீஷில் காரணத்தைச் சொன்னேன். துரை சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாமே கொஞ்சம் பஞ்சு எடுத்தார். “மேனேஜர்” என்றார். அசையவில்லை. “டீ” என்றார். அத்தனையும் என் முகத்தில். விழுந்து விழுந்து சிரித்தார். நாளைக்கே வேலைக்கு வா, வருகிறவர்களுக்கும் இதைக் காட்டு என்றார்.

துரை போனதும் ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தரையைக் காட்டினாள்.

“வேல ஒனக்கு, சரி. வர்ற வெள்ளைக்காரனெல்லாம் ஊதித் தள்ளுனா கூட்டுறது யாரு, ஒங்கப்பனா?”

நான்தான் கூட்டினேன். அந்த வேலையில் இருந்த வருடமெல்லாம், கடைசி வேன் கிளம்பிய பிறகு.