கணுக்காலில் மின்னிய கோடுகள்

சாத்தே குச்சியிலிருந்து இறைச்சியைக் கல்சோம் பல்லால் இழுத்ததே கிடையாது. முள்கரண்டியைக் குச்சியின் அடியில் வைத்து நுனிவரை மெல்லத் தள்ளுவாள். துண்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழும். வெறும் குச்சியைக் கைபடாத தூரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் முதல் துண்டை எடுப்பாள். "சோமுக்கு அரண்மனைப் பல்லுடீ" என்று கோத்தா பாரு சந்தையில் பக்கத்துக் கடைப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். துணிக்கொடிக்குக் கீழே போகாமல் அவள் சுற்றிக்கொண்டு போவதை யாரும் கவனித்ததில்லை.

கவனித்திருந்தால் வயதானவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். உடம்பில் சூசுக் என்கிற மந்திர ஊசி வைத்துக்கொண்டவர்கள் காக்க வேண்டிய விலக்குகள் அவை. கல்சோம் சின்ன வயதில் மாக் யோங் கூத்தில் ஆடியவள். விடிய விடிய ஆடினாலும் கால் சோரக் கூடாது என்று போமோ என்கிற மந்திரவாதி ஒருவன் மந்திரம் சொல்லி, முடியளவு மெல்லிய தங்க ஊசிகளை அவள் வலது கணுக்காலைச் சுற்றித் தோலுக்கடியில் செலுத்தியிருந்தான். பிறகு கூத்து போயிற்று, குழு கலைந்தது. ஊசிகள் மட்டும் தங்கிவிட்டன.

லாசிமைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் இதைச் சொல்லவில்லை. அவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர். அவர் குரல் எழும்பினால் சந்தையில் பேரம்கூட ஒரு கணம் நிற்கும். "சூசுக் வெச்சவன் தொழுகை கூரையத் தாண்டாது" என்று பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து அவர் சொன்னதை அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். அதன்பின் எப்படி வாய் திறப்பது? இந்த வயதில் அவர் முகம் திருப்பிக்கொண்டால் அவளுக்கு வேறு யார்?

ஒரு மழைக்காலத்தில் சந்தையின் மீன்கடைப் பக்கத்து ஈரப் படியில் அவள் கால் பிசகியது. விற்கக் கொண்டுபோன நீலச்சோற்றுக் கூடையோடு விழுந்தாள். எண்ணெய் போட்டு நீவிவிடும் கிழவி வந்து நீவினாள், பச்சிலை அரைத்துக் கட்டினாள். வீக்கம் வடியவில்லை. புறங்கால் கறுத்துக்கொண்டே வந்தது. சர்க்கரை உள்ள உடம்பு.

"இன்னிக்குப் படம் எடுத்தே ஆகணும்," என்றார் லாசிம்.

"எண்ணெயிலயே சரியாயிடும் அபாங்."

"உன் காலு என்ன அப்பளமா, எண்ணெயில போட்டா சரியாக?"

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓடிய வழியெல்லாம் அவள் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினாள்.

எக்ஸ்ரே அறையில் நிக் ஸாஃப்ரான் என்கிற இளைஞன் இருந்தான். அத்தையை அழைப்பதுபோல் 'மக்சிக்' என்று அழைத்துக் கட்டைப் பிரித்தான். "மக்சிக், கொலுசு, காலுறை ஒண்ணும் இருக்கக் கூடாது. பழைய ஆபரேஷன் ஏதாவது? தகடு, ஸ்க்ரூ, காலுக்குள்ள எந்த உலோகமாவது?"

லாசிம் வாசலில்தான் நின்றார்.

"ஒண்ணுமில்ல தம்பி."

"சரி. ஒரு படம் நின்னு எடுக்கணும். கால்ல கொஞ்சம் கனம் விழுந்தாதான் எலும்பு எப்படி உக்காந்திருக்குன்னு தெரியும். ஊசி கிடையாது, எரிச்சல் கிடையாது. ஆடாம நின்னா போதும். பாக்சிக், நீங்க உள்ள வந்து தாங்கிப் பிடிங்க. உங்களுக்கு ஈய மேலங்கி தர்றேன்."

லாசிம் ஓரடி பின்னுக்குப் போனார். "நான் வெளியவே இருக்கேன்."

"கல்யாணத்துல பிடிச்ச கை, இப்ப என்ன பயம்?"

நிக்தான் சிரித்தான். லாசிம் அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று கல்சோமுக்குத் தோன்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகவே நின்றாள். வலியில் கண் இருட்டியது. ஒரு சொடுக்குச் சத்தம். பிறகு பக்கவாட்டில் ஒன்று, சாய்வாக ஒன்று.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிக்கின் புருவம் சுருங்கியது. "பச்சிலையில ஏதாவது ஒட்டியிருக்கா?" பஞ்சை நனைத்துக் காலைத் துடைத்தான். மறுபடி நிறுத்தினான், மறுபடி எடுத்தான். எதுவும் மாறவில்லை.

டாக்டர் இளம்பெண். திரையைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் எலும்புகள். சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பில் ஒரு விரிசல். கணுக்காலைச் சுற்றி, வைத்த நாளின் மினுக்குக் குறையாத வெள்ளைக் கோடுகள்.

"விரிசல் கட்டுப் போட்டா சேர்ந்துடும். இது என்ன? தையல் வேலை செய்றீங்களா? ஊசி ஒடிஞ்சு உள்ள போயிருக்கு. நகர்ந்து நரம்பக் குத்துறதுக்குள்ள கீறி எடுத்துடணும். நர்ஸ், வீட்டுக்காரரக் கூப்பிடுங்க."

கீறுவது. எதிர்க்கடை செனாவுக்கு ஒரு கால்விரலைத்தான் கீறினார்கள். சர்க்கரைப் புண் ஆறவேயில்லை. இப்போது செனாவின் கால் முழங்காலோடு முடிகிறது.

நர்ஸ் திரைச்சீலையைத் தாண்டிப் போனாள். வெளியே லாசிமின் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார். வருகிறார். சொல்லாவிட்டால் கால் போகும். சொன்னால் மனிதர் போவார்.

"அது தையல் ஊசியில்ல டாக்டர்." தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "தங்கம். சூசுக். ஆடுற காலத்துல நானா வெச்சுக்கிட்டது."

திரைச்சீலையைப் பிடித்தபடி லாசிம் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாள். "அப்போ கத்திக்கு வேலையே இல்ல. இத்தனை வருஷம் அது சும்மாதானே கெடக்கு, நாமளும் சும்மா விட்ருவோம்."

"மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டாவது தடவ உங்கள நிக்க வெச்சிருக்க மாட்டேன் மக்சிக்," என்றான் நிக். "உள்ள இருக்கறதக் கேக்கறது படத்தச் சரியாப் படிக்கத்தான், பஞ்சாயத்துக்கில்ல. நாளைக்கு எம்.ஆர்.ஐ.ன்னு யாராவது சொன்னா, இதத்தான் மொதல்ல சொல்லணும்."

திரும்பும்போது லாசிம் காரை மிக மெதுவாக ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் வழி விட்டார். திட்டியிருந்தால் அவளுக்கு அழவாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

"ஏதாவது சொல்லுங்க அபாங்."

"பாத்து எறங்கு," என்றார், வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும்.

அன்று அந்தியில் பள்ளிவாசலிலிருந்து வேறொருவர் குரல் வந்தது. லாசிம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னால்தான் அவருக்கு அங்கே போய் நிற்க வெட்கம் என்று கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த கல்சோம் நினைத்தாள். அவர் உள்ளே வந்து, கொல்லைப் பக்கத் துணிக்கொடியை அவிழ்த்து, அவள் நடக்கும் வழியில் குறுக்கிடாதபடி சுவரோரமாகக் கட்டினார். மறுவாரம் மறுபடி பாங்கு சொல்லப் போனார்.

அவர் மட்டும் ஏன் சாத்தே பக்கமே போவதில்லை என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை. பல் வலி என்பார், நம்பியிருந்தாள். அடுத்த ஆண்டு அந்தப் பல் நிஜமாகவே வீங்கியது. தாடையைப் படம் எடுக்க நிக்கின் முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று அவன் கேட்டான். லாசிம் கல்சோமைப் பார்த்தார். பிறகு தொண்டையின் இரு பக்கமும் விரலால் தொட்டுக் காட்டினார். திக்கிர் பாராட் பாட்டுக் குழுவில் பாடிய நாளில், குரலுக்காக வைத்துக்கொண்ட சூசுக்.