கேட்காமல் அறிவித்த கட்டுரை

வலைப்பூ எழுத ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதுவேன். புனைபெயர்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை எழுத ஒன்றும் ஓடவில்லை. சும்மா எழுந்து போகவும் மனசில்லை. அடுத்த மூன்று மாதத்தில் கலை, பண்பாடு பற்றி என்னென்ன எழுதப் போகிறேன் என்று ஓர் அறிவிப்புப் போட்டேன். கழுகுமலைப் பாறைச் சிற்பங்கள், தீப்பெட்டி லேபிளுக்குப் படம் வரைகிறவர்கள், எட்டயபுரம் அரண்மனை. பட்டியலில் கடைசியாக, எங்கள் எதிர் வீட்டு அக்கா. கோயில் கொடைத் திருவிழாக்களில் இருபது வருஷம் நாடகம் நடித்தவள். பெயர் போடவில்லை. ஆனால் கோவில்பட்டி என்றும் எங்கள் தெரு என்றும் எழுதிவிட்டேன். ‘ஊரே விழித்திருந்து கேட்ட குரல், இன்று கைவிடப்பட்டு, தீப்பெட்டி அடைத்து வயிற்றைக் கழுவுகிறது’ என்று பதிவின் முதல் வரியே அவளைப் பற்றித்தான். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எனக்கு வழக்கமாக இரண்டு மூன்று பின்னூட்டம் வரும். அடுத்த வாரம் பார்த்தால் பதினொன்று. எல்லோருக்கும் அக்காவின் கதைதான் முதலில் வேண்டுமாம். வெளிநாட்டில் இருந்த ஒருவர், ‘நானும் அந்தப் பக்கந்தான், யாரென்று சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தார். சந்தோஷத்தில் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: “எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சாம். குளத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. மெட்ராசுல கம்ப்யூட்டர் வேலையாம்.”

“அவ அம்மா நாடகத்துல நடிச்சது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?”

“எப்படிச் சொல்லுவா? சொன்னா சம்பந்தம் நிக்குமா?”

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். கோவில்பட்டி என்று அடித்துத் தேடினால் என் பக்கம் வந்து நிற்காதா?

மறுநாள் மதியம் ஆபீசில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். சென்டர் வாசலில் அதை நடத்தும் அண்ணாச்சி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்குக் கரண்டு கிடையாதும்மா. அஞ்சு மணிக்குத்தான் வரும்.”

மூன்று மணி நேரம் அங்கேயே ஸ்டூலில் இருந்தேன். ரோட்டில் போன ஒவ்வொரு வெள்ளைச் சட்டைக்காரனும் மாப்பிள்ளை வீட்டு ஆளாகத் தெரிந்தான். கரண்டு வந்ததும் பதிவை அழித்தேன். ஆனால் எல்லோருடைய வலைப்பூக்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டியில் என் பதிவின் முதல் வரி அப்படியே நின்றது. அதை அழிக்க எனக்கு வழியில்லை. அதை நடத்துகிறவர்களுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை. ஆபீசில் போன் அடித்தாலே உடம்பு தூக்கிப்போட்டது.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி, மூஞ்சி இப்படிக் கெடக்கு?”

சொன்னேன். முழுதும் சொன்னேன்.

“பேப்பர்லயா போட்ட?”

“பேப்பர் மாதிரிதான்க்கா. கம்ப்யூட்டர்ல யாரு வேணும்னாலும் படிக்கலாம். மாப்பிள்ளையும் படிக்கலாம்.”

“என்ன எழுதுன? சொல்லு.”

மனப்பாடமாகவே இருந்தது. சொல்லச் சொல்ல முறம் நின்றுபோனது.

“நான் நாடகக்காரின்னு அவியளுக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அம்மாவே என் நாடகம் பாத்தவிய. ஒரு பாட்டுப் பாடுங்கன்னு கேட்டாவ. நான் மறைப்பேன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

“கைவிடப்பட்டுன்னு எழுதியிருக்கியே, யாரு என்னையக் கைவிட்டா? நாந்தான் விட்டேன். விடிய விடிய நின்னு காலு வீங்கிப்போச்சு. இப்ப ஆறு மணிக்கு வீட்டுக்கு வாரேன், எம் பிள்ள கூட உக்காந்து சாப்பிடுதேன். நீ என்னமோ நான் பிச்சைக்கு நிக்குத மாதிரி எழுதியிருக்க. எதுத்த வீட்டுலதான இருக்க? வந்து ஒரு வார்த்த கேட்டியா?”

“இல்லக்கா.”

“கல்யாணம் முடியுத வரைக்கும் இந்தப் பக்கம் வராத.”

திரட்டியிலிருந்து அந்த வரியை மறுநாள் எடுத்துவிட்டார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. எனக்கு இருந்த பயமெல்லாம் கல்யாணம் நின்றுவிடுமோ என்றுதான். அவளுக்கு வலித்தது வேறு இடத்தில். நான் பெருமையாக நினைத்த இடத்தில். கல்யாணத்துக்கு அம்மா விடாமல் கூட்டிக்கொண்டு போனாள்; மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் குனிந்துகொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அவளே தெருவில் கூப்பிட்டாள். “ஏட்டி, நோட்ட எடுத்துட்டு வா.”

நான்கு ஞாயிற்றுக்கிழமை தன் கதையைச் சொன்னாள். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவது என்று ஒப்புக்கொண்டேன். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். புருஷனைப் பற்றிச் சொன்ன ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தேன். அப்புறம் மீதியையும் வாசித்து முடித்தேன்.

“ராணி வேஷத்துக்குப் பச்சச் சேலைன்னு எழுதியிருக்க,” என்றாள் கடைசியில். “ஊதா.”

அடித்துவிட்டு ஊதா என்று எழுதினேன்.