கண்மறைப்பும் பூட்ஸ் சத்தமும்

ஜப்பான் படை பிடித்துவைத்திருக்கும் மலையூர் கோலா தெர்லாவின் சாலையோரம், உச்சி வெயில். இரவெல்லாம், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் லாரியை ஓட்டி என்னைக் கொண்டுவந்த முனியாண்டி அண்ணன், பழைய குடைத்துணியில் தைத்த கண்மறைப்பைக் கட்டிக்கொண்டு மரநிழலில் குறட்டை விடுகிறார். பூட்ஸ் சத்தம் கேட்கிறது. கண்மறைப்பைக் கழற்றாமலே எழுந்து, இடுப்பு வளையக் குனிகிறார். வருவது ஜப்பான் சிப்பாய் அல்ல. ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸை மாட்டியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி.

“அண்ணே, கங்காணிதான்,” என்கிறேன்.

“யாரா இருந்தா என்னா லா? அவுத்துப் பாத்துட்டுக் குனியறதுக்குள்ள ஜப்பான்காரன் அறைஞ்சிருவான், தம்பி.”

மறுபடி படுத்துவிடுகிறார். கடந்துபோன கங்காணி சற்று நின்று யோசிக்கிறார். பிறகு வந்த வழியே திரும்பி வருகிறார், இந்த முறை பூட்ஸை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு.