முன்சக்கரத்துக்குப் போட்ட மேட்

குவைத்தில், எங்கள் ஃபஹாஹீல் ஃபிளாட் வாசலில் கிடக்கும் கறுப்பு ரப்பர் மேட்டை என் மகள் இரண்டு முறை குப்பையில் போட்டிருக்கிறாள். இரண்டு முறையும் நானே போய் எடுத்து வந்தேன். நடுவில் டயர் கடித்த தடம். ஒரு மூலையைக் காணோம். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் இத்தனை வருஷம் இங்கே நான் சாப்பிட்ட சோற்றுக்கு அதுதான் சாட்சி.

அது ஒரு கொரியா காரின் மேட். இரண்டாயிரத்து ஆறிலோ ஏழிலோ, நான் நர்ஸாகச் சேர்ந்த கிளினிக்கின் கஃபீல், எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளி, புதிதாக வாங்கிய பெரிய சொகுசு கார். அதை ஓட்டியவர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். முப்பது வருஷமாகப் பின்சக்கரம் தள்ளும் அமெரிக்க வண்டிகளை ஓட்டிய மனிதருக்கு இந்தக் கார்மேல் ஒரே இளக்காரம். ஆனாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார்.

“மொதல்ல இது பொட்டி கணக்கா இருந்துச்சு தங்கச்சி. ஜப்பான்காரனோட சேந்து கொரியாக்காரன் செஞ்சான். அங்க பெரிய முதலாளிமாரு ஏறுற வண்டி. பொறவு கதவுக் கண்ணாடிக்குச் சட்டமே இல்லாம ஒண்ணு வந்துச்சு. இப்ப இது. அவன் ஊர்ல ஒரு பேரு, இங்க ஒரு பேரு, நம்மள மாதிரி. எல்லாம் சரி, முன்வீலு இழுக்குறதெல்லாம் ஒரு வண்டியா?”

நர்ஸ் லைசென்ஸ் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவதும் போனால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். தேர்வன்று காலை கிளினிக் வேன் கிளம்பவில்லை. கஃபீல் தன் காரையே கொடுத்து, “யல்லா, யல்லா” என்று விரட்டினார். பாதி வழியில் தூசிக்காற்று கிளம்பி ரோடே மறைந்துபோனது. காக்கா ஓரம் கட்டினார். காற்று அடங்கியபோது கார் மணலில் புதைந்திருந்தது.

காக்கா இறங்கி, இரண்டு மேட்டையும் உருவிப் பின்சக்கரங்களுக்கு அடியில் செருகினார். “பின்சீட்ல போய் அழுந்த உக்காரு!” என்றார். உட்கார்ந்தேன். உறுமியது, இன்னும் இறங்கியது. மறுபடி உறுமியது. மாதாவே, என் கதை முடிந்தது என்று அழுகை முட்டியது. உள்ளே இருக்க முடியாமல் குதித்து இறங்கிப் பார்த்தால், முன்சக்கரம் மணலை வாரி இறைக்கிறது. பின்சக்கரம் அசையக்கூட இல்லை.

“காக்கா! முன்வீலுதான இழுக்கும்? நீங்கதான தெனமும் சொன்னிய!”

காக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். இருவரும் கையாலேயே மணலைத் தள்ளி, மேட் இரண்டையும் முன்சக்கரங்களுக்கு அடியில் கொடுத்தோம். ஒரே இழுப்பு. கார் ரோட்டில் ஏறியதும் நடுரோடென்றும் பாராமல் நான் கைதட்டிச் சிரித்தேன். தேர்வு அறைக் கதவைச் சாத்தும் நேரத்தில் மணல் உதிர உதிர உள்ளே போனேன். தேறினேன்.

முடிவு வந்த அன்று காக்கா இந்த மேட்டைக் கொண்டுவந்து தந்தார். “வச்சுக்கோ. ஆனா எவன்ட்டயும் சொல்லிராத, முப்பது வருச டிரைவர் பின்வீலுக்கு மேட் போட்டான்னு.” அவர் ஊர் திரும்பிய பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று காலை மகளுக்கு அதே லைசென்ஸ் தேர்வு. மேட்டைத் தாண்டிக் காலை வைக்கப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“மிதிச்சிட்டுப் போ மக்களே.”

ஏன் என்று கேட்டாள். மன்னியுங்கள் காக்கா, சொல்லிவிட்டேன். சிரித்து முடித்து, இரண்டு காலையும் அதன்மேல் அழுந்த வைத்துவிட்டுப் போனாள்.