ஆதிமனிதன் வேஷத்துக்குக் கரித்தூள்

மகளே, தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி. உங்கள் பள்ளியில் கொடுத்த சிறுவர் வரலாற்றுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா பத்தாவதோடு நின்றவன்தான். ஆனாலும் அதில் படம் போட்டவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அதில் ஆதிமனிதன் கரிக்கட்டை நிறத்தில், பரட்டைத் தலையோடு, பேந்தப் பேந்த முழிக்கிறான். எழுத்தறியாத அந்தக் காலத்து மக்கள் எல்லாருமே அறிவு வளராதவர்களாம். பக்கத்தைப் புரட்டினால் அகழாய்வு. தொப்பி வைத்த சிவந்த மனிதர், மடிப்புக் கலையாத சட்டையோடு, பிரஷ்ஷால் பானையைத் துடைக்கிறார். குழியை யார் வெட்டினார்களாம்? அதுவாகவே வாய் பிளந்ததாக்கும்!

நீ பிறப்பதற்கு முன், தொப்பம்பட்டிப் பக்கம் ஓர் அகழாய்வில் கூலிக்கு மண் வெட்டினேன். தலையில் துண்டு கட்டிய கறுத்த ஆட்கள்தான் அங்கே அத்தனை பேரும். சல்லடையில் மண் சலித்த அக்கா ஒருத்தி, மிளகளவு கல்மணி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "ஏனுங்க, இத்துனூண்டு கல்லுல எப்படீங்க ஓட்டை போட்டாங்க? எங்கூட்டுக்காரருக்குச் செவுத்துல ஆணி அடிக்கவே வரமாட்டேங்குதுங்க!" அதில் துளையிட்டவருக்குத்தான் அறிவு வளரவில்லையாம்.

போன வாரம் பள்ளிக் கண்காட்சிக்கு உனக்கு ஆதிமனிதன் வேஷம் கொடுத்தார்கள். நீ ஆசைப்பட்டது அகழாய்வில் தோண்டுகிறவர் வேஷத்துக்கு. அதைக் கேட்கத்தான் உன்னோடு வந்தேன். டீச்சர் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"படத்துல இருக்குற மாதிரிதான சார் செய்ய முடியும்? செவப்பா இருக்குற பையனுக்குத் தொப்பி. மத்த பிள்ளைகளுக்குக் கரித்தூள் பூசணும். உங்க பிள்ளைக்கு அந்த வேலையும் மிச்சம்."

நான் சிரித்தேன். ஆமாம், பல்லைக் காட்டினேன். நீ என்னை அண்ணாந்து பார்த்தாய்.

வண்டியில் வரும்போது, "ஏம்ப்பா சிரிச்ச?" என்றாய். சின்னாளப்பட்டி தாண்டும்வரை சாலையையே பார்த்து ஓட்டினேன். அப்புறம், "நான் தோண்டுனா எல்லாரும் கேலி பண்ணுவாங்களாப்பா?" என்றாய். அந்தப் புத்தகத்தைக் காறித் துப்பலாம் போல இருந்தது. முதலில் என் சிரிப்பைத்தான் துப்பியிருக்க வேண்டும்.

மறுநாள் உன்னிடம் சொல்லாமல் பள்ளிக்குப் போனேன். மைதானத்தில் பிரேயர் நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில் ஆள் இல்லை. பலகையில் வேஷப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஆதிமனிதனுக்கு நேரே இருந்த உன் பெயரை அடித்தேன். தோண்டுகிறவருக்கு நேரே அதை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன்.